மஞ்சள் குஞ்செல்லாம் பிராய்லர் இல்லை: சுங்கை சிப்புட் பக்கம் குஞ்சு வாங்குகிறவர்கள் கவனம்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டில் இறைச்சிக் கோழி வளர்க்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் குஞ்சுக்குப் பணம் கொடுங்கள். போன செப்டம்பர் 6-ஆம் தேதி பிராய்லர் என்று சொல்லி எனக்கு ஐம்பது குஞ்சு விற்றார்கள். வந்தவை முட்டைக் கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள்.

எனக்குக் கோழி புதிது இல்லை. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அம்மா கம்பத்துக் கோழி வளர்த்தார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு விட்டுப்போனது. 2022-இல் கோழித் தட்டுப்பாடு வந்ததே, ஜூன் 1 முதல் மலேசிய அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தி, ஜூலையில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்சவிலை வைத்ததே, அப்போதுதான் மறுபடி ஆசை வந்தது. எங்கள் வீட்டின் பின்பக்கம் செம்பனைத் தோட்டம். வீட்டை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கூடு போட்டோம். மூன்று முறை பிராய்லர் வளர்த்து, சொந்தமாக அறுத்துச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த மூன்று முறையும் தீவனக் கடை மூலம் வந்த குஞ்சுகள்.

இந்த முறை கடையில் குஞ்சு இல்லை என்றார்கள். தீபாவளி அக்டோபர் 20. ஆறு வாரம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் முதல் வாரம் குஞ்சு கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் பன்னிரண்டு வீடுகளுக்குக் கோழி தருவதாகச் சொல்லி, வீட்டுக்கு இருபது வெள்ளி முன்பணமும் வாங்கியிருந்தேன். அந்த அவசரத்தில்தான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். நீலக் கூடை நிறைய மஞ்சள் குஞ்சுகள், ஒரு குஞ்சு 4 வெள்ளி 50 காசு.

விற்ற தம்பி பெட்ரோல் எண்ணெய் நிலைய ஓரத்தில் வேனை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். “அக்கா, இது கம்பெனி குஞ்சு. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. ஆறு வாரத்துல ரெண்டு கிலோ நிக்கும், கேரண்டி” என்றார். 225 வெள்ளியை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, “புலனத்துலயே அனுப்புறேன்கா” என்றார். வரவே இல்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பழுப்பு முட்டை போடும் கோழி இனங்களில், பொரித்த அன்றைக்கே நிறத்தை வைத்து ஆண் பெண் பிரித்துவிடுவார்கள். பெட்டை குஞ்சு பழுப்பு, சேவல் குஞ்சு மஞ்சள். தகப்பன் செம்பழுப்பு, தாய் வெள்ளை. தாயின் வெள்ளை நிறம் மகன்களுக்கு மட்டும் போகும்படி ஜோடி சேர்க்கிறார்கள். அந்தச் சேவல்கள் முட்டையும் போடாது, சீக்கிரம் சதையும் வைக்காது. பொரிப்பகத்துக்கு அவை கழிவு. முதல் நாளில் அதுவும் நாற்பது கிராம், பிராய்லர் குஞ்சும் ஏறக்குறைய நாற்பது கிராம். இரண்டும் ஒரே மஞ்சள். கழிவு விலைக்கு வாங்கி பிராய்லர் விலைக்கு விற்க இதைவிட வசதி வேண்டுமா?

முதல் வாரம் விளக்குப் போட்டு, மரத்தூள் பரப்பி, கொண்டுவந்த களைப்பில் செத்த இரண்டைத் தவிர எல்லாவற்றையும் காப்பாற்றினேன். இருபத்தோராம் நாள் தீவன மூட்டையைப் பார்த்தேன். ஐம்பது கிலோ மூட்டையில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. பிராய்லராக இருந்திருந்தால் அந்த மூட்டை தீர்ந்து, அடுத்ததும் உடைந்திருக்க வேண்டும். அதோடு, பிராய்லர் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். இவை கூட்டின் குறுக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்தன. கால் குச்சி மாதிரி இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். “தீவனம் சரியில்லக்கா. ஒரு ஊக்க மருந்து இருக்கு, தண்ணியில கலந்து குடுங்க, பத்து நாள்ல ஏறிடும்.” 35 வெள்ளிக்கு ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் வந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, அளவு இல்லை. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோழிக்கு மருந்து கொடுத்தால், அறுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெயரே இல்லாத தூளுக்கு எந்தக் கணக்கைப் பார்ப்பது? என் பேரனும் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிடப் போகும் கறி அது. நான் கலக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் கலக்காதீர்கள்.

முட்டைக் கோழிப் பண்ணையில் பல வருடம் வேலை செய்த பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்து, சிறகை விரித்துப் பார்த்தார். வெள்ளை இறகுக்கு இடையில், தோளில் லேசாகச் செம்பட்டை. “ஏம்மா, இத யாரு உனக்கு பிராய்லருன்னு சொன்னது? இது முட்டைக் கோழிச் சேவல். நாலு மாசம் வளத்தாத்தான் கறின்னு சொல்ல முடியும்” என்றார். மறுபடி போன் போட்டபோது அந்த எண் வேலை செய்யவில்லை.

அக்டோபர் 18, சனிக்கிழமை. நாற்பத்திரண்டாம் நாள். அறுப்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது. முந்தின இரவே தீவனத்தை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் வைத்திருந்தோம். அண்டாவில் வெந்நீர் அறுபது டிகிரியில் நின்றது. ரோமம் பிடுங்கும் மெஷினை நாற்பது வெள்ளிக்கு வாடகை எடுத்திருந்தார் என் வீட்டுக்காரர். தேறுமா என்று பார்க்க ஆறு சேவல் மட்டும் அறுத்தோம். உயிரோடு நிறுத்தபோது பெரியதே 540 கிராம். ரத்தம் வடிந்த பிறகு வெந்நீரில் முக்கி மெஷினில் போட்டோம். மெஷினுக்குள் ரோமம் பிடுங்கும் ரப்பர் விரல்கள் இரண்டு கிலோ கோழிக்கானவை. முதல் சேவலின் தோல் கிழிந்து, ஒரு சிறகு கழன்று வந்தது. மற்ற ஐந்தையும் கையால் பிடுங்கினோம். குடல் எடுத்துக் கழுவி நிறுத்தால் ஒவ்வொன்றும் முந்நூறு கிராம் சொச்சம். நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்து போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. கோடி வீட்டுப் பாட்டி மட்டும், சிங்கப்பூரிலிருந்து மகனும் மருமகளும் வருகிறார்கள் என்று நான்கு கோழி சொல்லி வைத்திருந்தவர், “இனிமே பசார்ல போய் நிக்கணுமாம்மா?” என்று கேட்டார். என் மகன் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று அவருக்கு வாங்கிக் கொடுத்தான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம்தான். ஆனால் பாரத்தில் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என்னிடம் செத்துப்போன ஒரு போன் எண்தான் இருந்தது. வங்கி வழியாக அனுப்பியிருந்தால் ஒரு பெயராவது கிடைத்திருக்கும். அதனால் ரொக்கம் கொடுக்காதீர்கள். எந்தப் பொரிப்பகம், எந்த இனம் என்று எழுதிய ரசீது இல்லாமல் பெட்டியைத் தொடாதீர்கள். வாங்கியாகிவிட்டால் ஏழாம் நாள் பத்துக் குஞ்சைத் தராசில் வையுங்கள். பிராய்லர் முதல் நாள் எடையைப் போல நான்கு மடங்கு வந்திருக்கும், 160 கிராமுக்கு மேல். எழுபது, எண்பது கிராமில் நின்றால் அன்றைக்கே விற்றவரைத் தேடிப் போங்கள். நான் தராசு இருந்தும் அதைச் செய்யவில்லை.

மிச்சம் இருந்த நாற்பத்திரண்டில் இப்போது பத்தொன்பது சேவல் இருக்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்குக் கூவத் தொடங்குகின்றன. தீவனத்துக்கு இன்னும் செலவு ஓடுகிறது.

இதை இன்று எழுதக் காரணம், நேற்று இரவு வேறொரு குழுவில் பார்த்த விளம்பரம். “சீனப் பெருநாளுக்கு ஏற்ற பிராய்லர் குஞ்சு, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ.” போன் எண் புதிது. விலை ஐந்து வெள்ளி. படத்தில் அதே நீலக் கூடை.