இஃப்கான்ஃபிக்: உழைப்பில் குறையில்லை, சொல்வதில்தான் பாதி

"கீப்அலைவ்டு லாகில் மாஸ்டர் ஸ்டேட் என்று வருகிறது, ஆனால் இஃப்கான்ஃபிக் போட்டுப் பார்த்தால் விஐபி இல்லையே, ஃபெயில்ஓவர் வேலை செய்யவில்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேலை செய்கிறது. கீப்அலைவ்டு என்பது ஒரு சர்வர் விழுந்தால் அதன் வேலையை இன்னொன்றுக்கு மாற்றும் (ஃபெயில்ஓவர்) மென்பொருள், அப்படி மாறும் பொது ஐபி முகவரிதான் விஐபி. விஐபி அந்த சர்வரில்தான் இருக்கிறது. நெட்வொர்க் முகவரிகளைக் காட்டவும் மாற்றவும் பயன்படும் பழைய கட்டளையான இஃப்கான்ஃபிக் அதைக் காட்டாது, அவ்வளவுதான். லினக்ஸில் நெட்-டூல்ஸையும் (இஃப்கான்ஃபிக், ரூட் இருக்கும் பழைய பொதி) ஐபிரூட்2-வையும் (ஐபி கட்டளை இருக்கும் புதிய பொதி) ஒரே சர்வரில் நெடுநாளாக வைத்துப் புழங்குபவன் என்ற முறையில் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாராட்டு. இஃப்கான்ஃபிக் கர்னலோடு பேசும் பழைய ஐஆக்டில் வழியை லினக்ஸ் கர்னல் இன்றுவரை கைவிடவில்லை. கர்னல் 2.2 வெளிவந்தது 1999 ஜனவரியில். அதோடு ஈத்0:0 போன்ற அலியாஸ்கள் (ஈத்0 என்ற நெட்வொர்க் இடைமுகத்துக்குக் கூடுதல் முகவரி தரும் பெயர்கள்) தனிச் சாதனம் என்ற நிலை போய், ஒரு முகவரிக்கு ஒட்டிய லேபல் ஆயின. உள்ளே இத்தனை மாறியும் "இஃப்கான்ஃபிக் ஈத்0:0 192.168.10.20" என்று அடித்தால் இன்றும் முகவரி ஏறுகிறது. ஐபி கட்டளையில் பார்த்தால் அதே முகவரி ஈத்0-வின் கீழே, ஈத்0:0 என்ற லேபலோடு நிற்கும். பழைய பழக்கத்தையும் புதிய அமைப்பையும் இப்படி ஒரே இடத்தில் பொருத்தியது நல்ல வேலைப்பாடு.

எரிச்சல் எதிர்த்திசையில் போகும்போதுதான். "ஐபி அட்ரஸ் ஆட் 192.168.10.50/24 டெவ் ஈத்0" என்று சேர்த்தால் முகவரிக்குத் தனி லேபல் கிடையாது, ஈத்0 என்பதே அதன் லேபல். இஃப்கான்ஃபிக் ஒரு பெயருக்கு ஒரு ஐபிவி4 முகவரியை மட்டும் அச்சிடும், முதலில் இருப்பதை. மற்றவை இருந்தும் இல்லாத கணக்கு. நாமாக லேபல் எழுதாதவரை கீப்அலைவ்டு நெட்லிங்க் (கர்னலோடு பேசும் புதிய வழி) மூலம் லேபல் இல்லாமல்தான் விஐபியை ஏற்றுகிறது. நண்பர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பழைய இடைமுகத்தின் குறை என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இடைமுகப் பட்டியலைக் கேட்கும் அந்தப் பழைய ஐஆக்டில் அழைப்புக்கு, கர்னல் எல்லா ஐபிவி4 முகவரிகளையும் ஒன்றுவிடாமல் கொடுக்கிறது. ஒரே பெயர் இரண்டு முறை வரும், முகவரி வேறு வேறாக இருக்கும். இஃப்கான்ஃபிக் அதில் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முகவரியை எறிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பெயரை வைத்து "உன் முகவரி என்ன" என்று மறுபடி கேட்கிறது. கர்னல் முதல் முகவரியைச் சொல்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சரி, கேள்விதான் தப்பு. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்திலும் இஃப்கான்ஃபிக் என்றே பெயர். அங்கே அலியாஸ் முகவரிகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. லினக்ஸிலேயே ஐபிவி6 முகவரிகளை கர்னல் தரும் ப்ராக் கோப்பு ஒன்றிலிருந்து படிப்பதால் அத்தனையும் தெரியும். ஐபிவி4-க்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

வெறும் காட்சிக் குறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தனக்குத் தெரியாத முகவரியை இது அழிக்கவும் செய்யும். ஈத்0-வில் முதன்மையாக 192.168.10.11/24, இரண்டாவதாக அதே /24 சப்நெட்டில் .50 இருக்கிறது என்று வையுங்கள். "இஃப்கான்ஃபிக் ஈத்0 192.168.10.12" என்று மாற்றினால் கர்னல் முதலில் .11-ஐ நீக்கும். ப்ரமோட்_செகண்டரிஸ் (முதன்மை போனால் இரண்டாவதை முதன்மையாக்கும் கர்னல் அமைப்பு) 0 என்று இருந்தால் .50-ம் கூடவே போய்விடும். கர்னலின் இயல்பு மதிப்பு 0. சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள டிஸ்ட்ரோக்களில், கர்னல் மதிப்புகளை அமைக்கும் அதன் சிஸ்கன்ட்ரோல் கோப்பு இதை 1 ஆக்கிவிடுவதால் பலர் தப்பிக்கிறார்கள். சிஸ்டம்டி இல்லாத ரவுட்டர் பெட்டிகளிலும் சிறிய கன்டெய்னர்களிலும் இந்த மதிப்பைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். முதன்மை முகவரி போய் ஈத்0-வில் வேறு ஐபிவி4 முகவரி மிஞ்சாவிட்டால் அந்த சப்நெட்டின் நேரடி ரூட்டும், அதை நம்பியிருக்கும் டீஃபால்ட் ரூட்டும் போய்விடும் என்பது தனிக் கதை.

மாஸ்க் (முகவரியில் எவ்வளவு சப்நெட்டைக் குறிக்கிறது என்பது) விஷயத்தில் இரண்டு கருவிகளும் இரண்டு துருவம். மாஸ்க் தராமல் 10.1.2.3 என்று இஃப்கான்ஃபிக்கில் போட்டால் பழைய கிளாஸ் கணக்குப்படி 255.0.0.0 வரும். அதாவது 10-இல் தொடங்கும் எல்லாமே பக்கத்து ஸ்விட்சில் இருப்பதாக நினைத்து சர்வர் ஏஆர்பி (இந்த முகவரி யாருடையது என்ற கேள்வி) அனுப்பும். வேறு கிளைகளின் 10.x முகவரிகள் கேட்வேக்கே போகாது. அதையே ஐபி கட்டளையில் போட்டால் /32, அதாவது அந்த ஒரு முகவரி மட்டும், வரும். பக்கத்துப் பெட்டிக்குக்கூட ரூட் இருக்காது. பழைய ஸ்கிரிப்டை வரிக்கு வரி மாற்றி எழுதுபவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கே.

சரி, இரண்டையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் வழி லேபல்தான். ஐபி கட்டளையின் கடைசியில் "லேபல் ஈத்0:1" என்று சேருங்கள், இஃப்கான்ஃபிக்கில் தெரியும். கீப்அலைவ்டு கட்டமைப்பில் விஐபி வரியிலேயே மாஸ்க், டெவ், லேபல் மூன்றையும் எழுதலாம். மாஸ்க் எழுதாவிட்டால் /32 ஆகும். இன்னொரு ஃபெயில்ஓவர் மென்பொருளான பேஸ்மேக்கரின் ஐபிஅட்ர்2-இல் ஐஎஃப்லேபல் என்ற அளவுரு இதற்காகவே இருக்கிறது. இங்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெயரானாலும் லேபலானாலும் 15 எழுத்துக்கு மேல் போகாது. மேக் முகவரியை வைத்துப் பெயர் பெறும் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களுக்கு "இஎன்எக்ஸ்" மூன்று எழுத்து, மேக் பன்னிரண்டு எழுத்து, மொத்தம் சரியாக 15. ":1" ஒட்ட இடமே கிடையாது. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் உடெவின் விதியில் சின்னப் பெயராக மாற்றினால்தான் உண்டு.

ரூட் கட்டளையும் இதே சாதி. அது மெயின் டேபிள் என்ற முதன்மை ரூட் பட்டியலை மட்டும் காட்டும். வயர்கார்டு விபிஎன்-ஐ இயக்கும் டபிள்யூஜி-குவிக் முழு டிராஃபிக்கையும் அதன் வழியாகத் திருப்பும்போது டீஃபால்ட் ரூட்டை 51820 என்ற தனி டேபிளில் வைக்கிறது. "ரூட் -என்" பழைய கேட்வேயையே காட்டிக்கொண்டிருக்கும். பாக்கெட் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். "ஐபி ரூல் ஷோ", அடுத்து "ஐபி ரூட் ஷோ டேபிள் 51820" பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் சொல்வார்கள்: பழைய ஸ்கிரிப்டுகள் உடையக்கூடாது. கர்னல் அதைக் காப்பாற்றியது, நெட்-டூல்ஸ் தானே உடைத்தது! 1.60 காலத்தில் "இனெட் அட்ர்:" என்று கோலன் போட்டு வந்த வெளியீடு 2.0-வில் வெறும் "இனெட்" ஆனது, "எச்டபிள்யூஅட்ர்" போய் "ஈதர்" வந்தது. கோலனை வைத்து வெட்டி எடுத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் வெறுமையைத் திருப்பின. சிறிய பெட்டிகளுக்கான கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸின் இஃப்கான்ஃபிக் இன்னும் பழைய பாணியிலேயே எழுதுகிறது. இப்படி ஒரு பெயரில் இரண்டு மொழி. நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைப் பார்க்கும் ஈத்டூல் இதைவிட ஒழுங்கு: கட்டளையும் பழக்கமும் அப்படியே, உள்ளே முதலில் நெட்லிங்கை முயன்று, கர்னலில் அது இல்லையென்றால் ஐஆக்டிலுக்குத் திரும்பும்.

டெபியன் 9-லேயே நெட்-டூல்ஸ் இயல்பு நிறுவலில் இருந்து போய்விட்டது. இத்தனை ஆண்டு உழைத்த கருவிக்கு நான் பத்துக்கு எட்டு கொடுப்பேன். இருந்தும் ஃபெயில்ஓவர் ஓடும் சர்வரில் அது இருக்கவே கூடாது. விஐபி தெரியவில்லையே என்று அடுத்த சர்வரில் கையால் ஏற்றினால் ஒரே முகவரி இரண்டு இடத்தில் பதில் சொல்லும். ஏற்றுவதற்கு முன் அந்த சர்வரிலிருந்து "ஆர்பிங் -டி -ஐ ஈத்0 192.168.10.50" அடித்துப் பாருங்கள், பதில் வந்தால் விஐபி ஏற்கெனவே வேறு பெட்டியில் உயிரோடு இருக்கிறது. பொதியைக் கழற்றுமுன் இடிசி, யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற இரண்டு கோப்பகங்களிலும் இஃப்கான்ஃபிக், ரூட், நெட்ஸ்டாட், ஆர்ப் என்ற நான்கையும் கிரெப் கட்டளையால் தேடி, மாட்டும் ஸ்கிரிப்டுகளில் "ஐபி -ஜே அட்ரஸ்" தரும் ஜேசனைப் படிக்கும்படி மாற்றுங்கள். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் "ஐபி -பிஆர் அட்ரஸ்" போதும். இடைமுகத்துக்கு ஒரு வரி, முகவரிகள் அத்தனையும் அதிலேயே.