அவரை, பீன்ஸ் விதை போட ஈரத்துணியா, கப்பா, நேரா பையிலயா?

ஆடி பொறந்ததும் மாடில போடலாம்னு நாட்டு அவரை ஒரு பாக்கெட் வாங்கினேன், முப்பது விதை இருந்துச்சு. விதை போடறதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்களே, எதுதான் சரின்னு பாத்துடுவோம்னு பத்து பத்தா பிரிச்சு, பத்த ஊறவெச்சு ஈரத்துணில கட்டினேன், பத்த பேப்பர் கப்ல கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டு வெச்சேன், மிச்சம் பத்த நேரா க்ரோபேக்ல, அதான் செடி வளக்கற பையில, ஊனிட்டேன். பத்து விதைய வெச்சு பெரிய முடிவெல்லாம் சொல்ல முடியாதுதான். ஆனா அதுக்கப்புறம் தட்டப்பயறு, குத்து பீன்ஸ்னு போட்டப்பவும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால இப்ப எங்க வீட்ல பெரும்பாலும் நேரா பையில ஊனுறதுதான்.

ஈரத்துணி பாக்க ஜோரா இருக்கும். பச்சப்பயறு முளைகட்டுற மாதிரியேதான், ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா வேர் எட்டிப்பாக்கும். பத்துக்கு ஒம்போது முளைச்சுது, ஆனா செடியா நின்னது அஞ்சு. ஒரு நாள் வேலைல துணிய பிரிச்சுப் பாக்க மறந்துட்டேன், அதுக்குள்ள வேர் நீண்டு நூல்ல மாட்டிக்கிச்சு, உருவறப்ப ரெண்டு நுனி முறிஞ்சுது. இன்னும் ரெண்டு மண்ணுக்குள்ள போனதோட சரி. இந்த முறைல போடறதா இருந்தா வேர் ஒரு சென்டிமீட்டர் தாண்டறதுக்குள்ள நட்டுடணும். ராத்திரி ஊறவெச்சா காலைல எடுத்துடணும், நாள் முழுக்க தண்ணிக்குள்ளயே கெடந்தா விதைக்கு காத்து இல்லாம நாறிப்போயிடும். இன்னொண்ணு, கடைல பிங்க் கலர் பூசி வர்ற விதைய ஊறவெக்காதீங்க, அது பூஞ்சைக்கொல்லி மருந்து, ஊறவெச்சா கழுவிட்டுப் போயிடும்.

கப் பத்தி குறை சொல்ல பெருசா இல்ல. எட்டு வந்துச்சு. ஆனா பீன்ஸ் குடும்பத்துக்கே வேர அசைச்சா பிடிக்காது, தக்காளி கத்தரி மாதிரி பிடுங்கி நட்டா தாங்காது. நான் கப்போட அடியக் கிழிச்சு அப்படியே பையில எறக்கினேன், அப்பவும் நாலஞ்சு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னுச்சு. கப் முறைல நான் சில தடவதான் போட்டிருக்கேன், கை பழகினவங்களுக்கு நல்லாவே வரலாம்.

இப்ப நேரா ஊனுறதுக்கு வரேன். இதுலயும் எட்டுதான், ஆனா எட்டும் தங்குச்சு, கப் செடி மொகம் தெளியறதுக்குள்ள இது கொடி வீச ஆரம்பிச்சிடுச்சு. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி இதே முறைல பத்துக்கு ரெண்டுதான் வந்துச்சுங்கறதயும் சொல்லணும். அப்ப விதை சரியில்லன்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தா விதை கொழகொழன்னு அழுகிக் கெடக்கு, காரணம் நான்தான், காலைல ஒரு மக் சாயந்தரம் ஒரு மக்னு ஊத்தியிருக்கேன். அம்மா வந்து பாத்துட்டு, "விதைக்கு ஈரம் போதும்டா, தெனமும் குளிப்பாட்டிட்டு இருக்க"ன்னாங்க.

மொத்த விஷயமும் அந்த ஈரத்துலதான் இருக்கு. பீன்ஸ் விதை பெருசு, காஞ்ச விதை தண்ணியக் கண்டா அவசர அவசரமா உறிஞ்சும், அந்த வேகத்துலயே தோலு வெடிச்சு உள்ள பருப்பும் கீறிக்கும், அதுக்கு மேல மண்ணும் சொதசொதன்னு இருந்தா மூச்சு முட்டி பூஞ்சை பிடிச்சிடும். அதனால இப்ப மொத நாள் சாயந்தரமே பைய கீழ ஒழுகற அளவுக்கு நனைச்சு விட்டுடறேன். மறுநாள் காலைல ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாக்கணும், உருண்டை பிடிக்கணும் ஆனா தண்ணி சொட்டக் கூடாது. அப்ப ஒரு இஞ்ச் ஆழத்துக்கு விரலால குழி, குழிக்கு ரெண்டு விதை, மேல மண்ண தூவி விட்டா போதும், அமுக்க வேண்டாம். அதுக்கப்புறம் முளை தெரியற வரைக்கும் மக்க கையிலயே எடுக்கறதில்ல. மேல் மண்ணு ரொம்ப காஞ்சா கையால தெளிக்கறதோட சரி. வெயில் காலத்துல அஞ்சாறு நாள்ல வந்துடும்.

தெனமும் ஊத்தினா இன்னொரு வில்லங்கமும் இருக்கு. செம்மண் கலவைல மேல ஏடு கட்டின மாதிரி இறுகிடும். அவரையும் பீன்ஸும் கழுத்த வளைச்சு ரெண்டு பருப்பயும் மண்ணுக்கு மேல இழுத்துட்டு வரணும், மேல இறுகிக் கெடந்தா கழுத்தே ஒடஞ்சிடும். மொட்டையா ஒரு தண்டு மட்டும் வந்து நிக்கறத பாத்திருப்பீங்களே, அது பெரும்பாலும் இதுதான்.

விதை அழுகாம இருக்க போடறதுக்கு முன்னாடி மருந்து பூசறதுக்கு (விதைநேர்த்தி) வேளாண் பல்கலைக்கழகத்துல ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சைய அடக்கற நல்ல பூஞ்சைப் பொடின்னு சொல்றாங்க, நம்ம பத்து விதைக்கு ஒரு சிட்டிகை, ஆறின வடிகஞ்சில பெரட்டி நெழல்ல ஒலத்தினா போதும்.

இதுக்காக மத்த ரெண்டையும் தூக்கிப் போடல. ஐப்பசி கார்த்திகைல சென்னை மழைல பை நாள்கணக்கா நனைஞ்சுக்கிட்டே இருக்கும், அப்ப சன்ஷேடுக்கு கீழ கப்தான். ஊட்டி கொடைக்கானல் குளிர்லயும் வீட்டுக்குள்ள கப்ல வெக்கறதுதான் புத்திசாலித்தனமா தோணுது, மண்ணு 15 டிகிரிக்கு கீழ போனா பீன்ஸ் முளைக்கவே முக்கும், ஆனா நான் அங்க போட்டுப் பாத்ததில்ல. பழைய விதை உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்க ஈரத்துணிய விட்டா வேற வழியில்ல, பத்துல அஞ்சுதான் முளைக்குதுன்னா குழிக்கு மூணா போட்டுக்கலாம். சிறகு அவரைக்கு தோலு கல்லு மாதிரி, உப்புத்தாள்ல லேசா தேச்சு ஒரு ராத்திரி ஊறவெச்சாதான் தண்ணியே உள்ள போகும்.

பையில ஊனுறதுல ஒரே தலைவலி அணில். விதைய விட, பருப்பு மேல வந்த அன்னிக்குதான் கரெக்டா வந்து கடிச்சிட்டுப் போகும். காய்கறிக் கூடைய கவுத்து மேல ஒரு செங்கல் வெச்சிருக்கேன், ரெண்டு நிஜ இலை விரியற வரைக்கும் எடுக்கறதில்ல.