ஆழியாறு பக்கம் தோட்டத்து ஹோட்டல்ல அஞ்சு நாள், அந்த தண்ணி பாட்டில் விஷயம் மட்டும்

ஊருக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் அந்தப் பொக நாத்தம் மனசுல இருந்து போகல, அதான் எழுதறேன். தங்குனது பொள்ளாச்சில இருந்து ஆழியாறு போற வழில ஒரு தென்னந்தோப்புக்குள்ள இருக்கற ஹோட்டல். பேரு வேண்டாம். அப்பாரு தோட்டம் கைய விட்டுப் போனதுக்கப்புறம் எங்களுக்குன்னு தோட்டத்து வீடு, ஒரு சாளை கெடையாது, தென்ன மரத்துக்கடில பொண்ண நாலு நாள் வெளையாட விடணும்னு தேடிப்புடிச்ச எடம். ரூம், சாப்பாடு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

விஷயம் தண்ணி. ரூமுக்குள்ள போனதும் மேசை மேல அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஆறு. நாங்க மூணு பேர். மறுநாள் வெளிய போயிட்டு வந்து பாத்தா பாதி குடிச்சு வெச்ச பாட்டிலெல்லாம் காணோம், புதுசா ஆறு. ஜன்னலத் தொறந்தா கிணறு தெரியுது. கிச்சன்ல போயி, தம்பி ஒரு சொம்புல தண்ணி குடுங்க போதும்னேன், பையன் மேனேஜரக் கூட்டிட்டு வந்துட்டான். "கெஸ்ட்டுக்கு பாட்டில்தானுங்க சார், கிணத்துத் தண்ணி ஃபில்டர்ல புடிச்சு ஸ்டாஃப் நாங்க குடிக்கறது"ங்கறாரு. ஃபில்டர் அவருக்குப் பின்னாடி செவுத்துலயே மாட்டியிருக்கு!

நாங்க இருக்கறது ஜெர்மனில. அங்க பாட்டில் தண்ணி வாங்குனா 25 சென்ட் சேத்து வாங்கிக்குவாங்க, காலி பாட்டில சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா அந்தக் காசு திரும்ப வந்துரும், 2003ல இருந்து நடக்குது. என் பொண்ணு மேசைல நின்ன பாட்டிலயெல்லாம் எண்ணிப்போட்டு, இத எங்கப்பா திருப்பிக் குடுக்கறதுன்னு கேட்டா. எனக்கு அப்புடியே நெஞ்ச அடைச்ச மாதிரி ஆயிருச்சு. ஏன்னா இது நமக்குத் தெரியாத பழக்கமா? கோலி சோடா கடைல நின்னு குடிச்சுட்டு பாட்டிலக் குடுத்துட்டு வர்றது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா கடைக்காரரு டெபாசிட் கேக்கறது, பால்காரருக்கு நம்ம பாத்திரத்தையே நீட்டறது எல்லாம் பாத்து வளந்தவங்கதான நாம. இப்பவும் நீலகிரில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலக் கொண்டாந்தா திருப்பிக் குடுக்கறாங்க, 2022ல இருந்து. தண்ணி பாட்டிலுக்கும் அங்க தடை இருக்கு, ரோட்டோரம் தண்ணி ஏடிஎம் வெச்சிருக்காங்க. நம்மளால முடியாதது இல்ல.

மூணாவது நாள் சாயங்காலம் ஒரே பொக. கொசுவுக்கு மூட்டம் போடறாங்கன்னுதான் நெனச்சேன், நாத்தம் வேற மாதிரி இருக்கவும் நடந்து போயி பாத்தா மாட்டுச்சாளைக்குப் பின்னாடி குழி, அதுல காஞ்ச மட்டையோட சேத்து நம்ம பாட்டில்கள் உருகி எரியுது. பத்தடில கன்னுக்குட்டி கட்டியிருக்கு. அந்தச் சாம்பல் மழைல கரைஞ்சா வேற எங்க போகும், அந்த மண்ணுக்கும் கிணத்துக்கும்தான?

என்னால தாங்க முடியாமப் போனது எதனாலன்னா, அதே தோப்புல வெவசாயத்த அவ்வளவு அக்கறையா பாக்கறாங்க. தென்னையத் தாக்கற சுருள் வெள்ளை ஈ இந்தியாவுலயே 2016ல நம்ம பொள்ளாச்சி பக்கம்தான் மொதல்ல வந்துச்சு, எலைக்கடில சாறு உறிஞ்சி, அது விடற தேன் மாதிரி பிசின்ல கரும்பூசணம் படிஞ்சு ஓலையே கருத்துப் போகும். இவங்க மருந்தே அடிக்கறதில்ல, அடிச்சா அந்த ஈய அழிக்கற என்கார்சியா குளவியும் சேந்து செத்துரும்னு மஞ்ச ஒட்டுப்பொறிதான் கட்டியிருக்காங்க, மட்டைய வெட்டி மரத்தடில மூடாக்கு போட்டிருக்காங்க. குளவிக்குப் பாக்கறவங்க பாட்டில எரிக்கலாமா? ஆழியாறு செக்போஸ்ட் தாண்டுனா ஆனமல புலிகள் காப்பகம், அங்க பிளாஸ்டிக் இருக்கான்னு பையச் சோதிக்கறாங்க, இங்க கீழ தோப்புக்குள்ள கேக்க ஆளில்ல. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல வந்த பிளாஸ்டிக் தடைல பை, கப்பு, தண்ணி பாக்கெட்டெல்லாம் சேத்தாங்க, பாட்டில விட்டுட்டாங்க.

மேனேஜர்கிட்ட கோவமாத்தான் கேட்டேன். அவரு பொறுமையா, "சார், போன வருஷம் உங்கள மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்தவரு சீல் ஒடைக்காத பாட்டில்தான் வேணும்னு பெரிய சத்தம் போட்டுட்டுப் போனாரு, உங்களுக்கோசரந்தானுங்க வாங்கறதே"ன்னாரு. அதுக்கு மேல என்ன பேசறது, தங்கச்சி வீட்டுலயே நாங்க வர்றோம்னு கேன் தண்ணி எறக்கி வெச்சிருந்தா. இத வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க எல்லாரும் கொஞ்சம் யோசிக்கணும்.

அன்னைக்கு ராத்திரி தோப்புல வேல செய்யற ஒரு வயசான அம்மா தூக்குப்போசில தண்ணி கொண்டாந்து திண்ணைல வெச்சாங்க. "காய வெச்சு ஆத்துனது சாமி, சீரகம் போட்டிருக்கறேன், கொழந்தைக்கும் குடு." பொண்ணு மூணு டம்ளர் குடிச்சா. அதுக்கப்புறம் கெளம்பற வரைக்கும் தெனமும் அந்தப் போசிதான், யாருக்கும் வயிறு ஒண்ணும் பண்ணல.

எங்க ரூம்ல சேந்த பாட்டில மட்டும் ஒரு பைல கட்டி பொள்ளாச்சில பழைய இரும்புக் கடைல போட்டுட்டு வந்தோம். நாங்க கெளம்பறப்ப வாசல்ல ஒரு டெம்போ நிக்குது, புதுப் பாட்டில் பெட்டி எறக்கிட்டிருக்காங்க. அடுத்த தடவ ரூம் போடறதுக்கு முன்னாடி ஃபோன்லயே கேட்டுருவேன், மேசைல சொம்பு வெப்பீங்களா பாட்டில் வெப்பீங்களான்னு.