பயோ-மேத்ஸ் முடித்து சி.எஸ்.இ. சேர்ந்தவர்களுக்கு: பைத்தான் டியூட்டர் தளம் எப்படி?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பயோ-மேத்ஸ் படித்துவிட்டு, பெருந்துறையிலோ சத்தியிலோ கோவையிலோ பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருகிற பிள்ளைகள் நிறையப் பேர். சேர்க்கைக்கு அது தடையே இல்லை. கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அந்தக் கணக்கிலேயே வராது. திணறல் முதல் லேப் அன்றுதான் ஆரம்பிக்கும். பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவர் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்பார். இவரோ போர்டில் இருப்பதை எழுத்து மாறாமல் அடித்து, அவுட்புட்டை அப்சர்வேஷன் நோட்டில் ஏற்றி, ரெக்கார்டு எழுதி, வைவாவில் மாட்டிக்கொள்வார்.

இவர்களுக்கு ஃபார், இஃப் எல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு: புரோகிராம் ஓடும்போது எந்த மாறியில் (வேரியபிளில்) எந்த நேரம் என்ன இருக்கிறது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது. அந்த ஒரு குறைக்கென்றே இருப்பது பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளம். பிலிப் குவோ என்பவர் 2010-இல் உருவாக்கியது. பெயரில் பைத்தான் இருந்தாலும் சி, சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் நான்கும் ஓடும். லாகின் வேண்டாம், எதையும் இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். கோடிங் கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் இதில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பெட்டியில் புரோகிராமை அடித்து, ‘விஷுவலைஸ் எக்ஸிக்யூஷன்’ பட்டனைத் தட்டினால் திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் உங்கள் வரிகள். பச்சை அம்பு இப்போது முடிந்த வரியையும் சிவப்பு அம்பு அடுத்து ஓடப்போகிற வரியையும் காட்டும். வலப்பக்கம் மாறிகள் பெட்டிகளாக, லிஸ்டுகள் அறை அறையாக. ‘நெக்ஸ்ட்’ தட்டினால் ஒரு படி முன்னே, ‘ப்ரீவ்’ தட்டினால் ஒரு படி பின்னே. பின்னே போக முடிவதுதான் இதில் பெரிய வசதி. எங்கே தடம் மாறியது என்று தெரிய மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் பருவப் பைத்தான் பாடத்தின் முதல் யூனிட்டிலேயே வருகிற கணக்கு: ஒரு லிஸ்டில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது. (தன்னாட்சிக் கல்லூரிகளிலும் அடுத்து வந்த ரெகுலேஷனிலும் பாட வரிசை மாறும், கணக்குகள் பெரும்பாலும் இவைதான்.) ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் நான்கு மூட்டைக் குவியலுக்குக் குவிண்டால் விலை 13200, 12750, 14100, 12900 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் ‘குறைந்தது’ என்ற மாறியை 0 என்று தொடங்கிவிடுவார். விடை 0 என்று வரும். ஏன் என்று அவுட்புட்டை மட்டும் பார்த்தால் பிடிபடாது. இங்கே படிப்படியாகத் தட்டினால் நான்கு சுற்றும் ஓடி முடிந்தும் அந்தப் பெட்டி 0-இலேயே நிற்பது தெரியும். எந்த விலையும் 0-வைவிடக் குறைவில்லையே! லிஸ்டின் முதல் எண்ணையே தொடக்கமாக வைத்தால் சரியாகிவிடும். அப்போது பெட்டியில் 13200, பிறகு 12750, கடைசிவரை 12750.

ஆனால் வெறுமனே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் சினிமா பார்த்த மாதிரிதான், ஒன்றும் ஒட்டாது. நோட்டில் மாறிக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு தட்டலுக்கு முன்னும் அடுத்து என்ன வரும் என்று பென்சிலில் எழுதுங்கள். பிறகு தட்டுங்கள். தப்பான இடத்தை அழிக்காமல் வட்டம் போடுங்கள். 10 வரி புரோகிராமுக்கு 15 நிமிடம் ஆகும். ஆகட்டும், ஒரு நாளைக்கு இரண்டு புரோகிராம் இப்படிப் போதும்.

இந்தத் தளம் உடனே காட்டிக்கொடுக்கும் பிழைகள் இன்னும் சில. இன்புட் வாங்கிய 5-ம் 5-ம் கூட்டினால் 55 வருவது: பெட்டிக்குள் எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி இருக்கும், அதாவது அது எண்ணல்ல, எழுத்துச்சரம், இன்ட் போட்டு மாற்ற வேண்டும். ஃபங்ஷனில் பிரின்ட் போட்டுவிட்டு ரிட்டர்ன் விட்டுப்போவது: ‘ரிட்டர்ன் வேல்யூ’ என்ற இடத்தில் ‘நன்’ (None, அதாவது ஒன்றுமில்லை) என்று நிற்கும். ரிட்டர்ன் வரி ஓர் இடைவெளி உள்ளே தள்ளி லூப்புக்குள் போய்விட்டால் முதல் சுற்றிலேயே ஃபங்ஷன் மூடிக்கொள்வதும் கண்ணெதிரே நடக்கும்.

இதைவிட முக்கியமானது அம்புக்குறிகள். ஒரு லிஸ்டை இன்னொரு மாறிக்குச் சமன் குறி போட்டுக் கொடுத்தால் நகல் எடுத்ததாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். படத்தில் இரண்டு பெயரிலிருந்தும் இரண்டு அம்பு கிளம்பி ஒரே லிஸ்டைத் தொடும். ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் சேர்கிற மர்மம் அங்கேயே அவிழ்ந்துவிடும். மேட்ரிக்ஸ் கணக்கில் இதே பிழை பெரிதாக வரும்: மூன்று பூஜ்யம் கொண்ட வரிசையை 3-ஆல் பெருக்கி 3×3 மேட்ரிக்ஸ் செய்துவிட்டு, ஓரிடத்தில் 7 வைத்தால் மூன்று வரிசையிலும் 7 விழும். மூன்று அம்பும் ஒரே வரிசைக்குப் போவதைப் பார்த்தபின், லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புது வரிசை உண்டாக்கிச் சேர்க்க வேண்டும் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

இரண்டாம் பருவத்து சி-க்கும் இது கைகொடுக்கும். மதிப்பு தராத மாறியில் கேள்விக்குறி நிற்கும். இரண்டு மதிப்புகளை இடம் மாற்றும் ஸ்வாப் ஃபங்ஷனுக்கு மாறிகளை நேரடியாக அனுப்பினால் மெயினில் ஏன் ஒன்றும் மாறவில்லை, பாயின்டர், அதாவது மாறியின் முகவரி, அனுப்பினால் ஏன் மாறுகிறது என்பதை அருகருகே ஓட்டிப் பார்க்கலாம். சி-யில் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப் போடாமல் மதிப்பை நேரடியாகப் புரோகிராமிலேயே எழுதிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. 1000 படி தாண்டினால் ஓட்டம் நின்றுவிடும். வட்டுகளைக் கம்பம் விட்டுக் கம்பம் மாற்றும் டவர்ஸ் ஆஃப் ஹனாய் புதிரில் 3 வட்டுக்கு 7 நகர்வு, அருமையாக விரியும், ஒன்றின்மேல் ஒன்றாக அழைப்புகள் அடுக்கி இறங்குவதையும் பார்க்கலாம். 10 வட்டு கொடுத்தால் 1023 நகர்வு, பாதியில் நிற்கும். முடிவில்லாத லூப்பும் அப்படியே. ஐந்தாம் யூனிட்டின் ஃபைல் கணக்குகளை இதில் செய்ய முடியாது, நம்பை, பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளை ஏற்காது. பக்கம் முழுக்க ஆங்கிலம். போனில் திறக்கும், ஆனால் அம்புகள் நெருக்கிக்கொள்ளும். லேப் சிஸ்டமோ நண்பரின் லேப்டாப்போ நல்லது.

நெட் சரியாக எடுக்காத ஊர்க்காரர்கள் தானி (Thonny) என்ற மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொள்ளலாம். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். பைத்தான் அதற்குள்ளேயே வரும். ஒரு எக்ஸ்பிரஷனைப் பைத்தான் எப்படித் துண்டு துண்டாகக் கணக்கிடுகிறது என்பதை அது இன்னும் நுணுக்கமாகக் காட்டும், ஃபைலும் படிக்கும். லிஸ்டுகளின் அம்புப் படத்தில் மட்டும் பைத்தான் டியூட்டரே தெளிவு.

எங்கள் கணிப்பு: முதல் இரண்டு பருவத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம். மூன்றாம் பருவ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் லிங்க்டு லிஸ்ட், ட்ரீ வரை பயன்படும். அதற்குமேல் 200 வரிப் புரோகிராமுக்கு வி.எஸ். கோடு என்ற மென்பொருளில் உள்ள டீபக்கர் (பிழை தேடும் கருவி) பழக வேண்டும்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. ‘ஜெனரேட் பெர்மனன்ட் லிங்க்’ தட்டினால் உங்கள் புரோகிராமுக்கு ஒரு முகவரி கிடைக்கும். சீனியர் அண்ணனிடமோ மேடமிடமோ வாட்ஸப்பில் “ஓட மாட்டேங்குதுங்க” என்று போட்டோ அனுப்பினால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த லிங்க்கோடு, “23-ஆவது ஸ்டெப்ல இந்த மாறி 5 ஆகும்னு நினைச்சேனுங்க, 4-தான் வருது” என்று அனுப்பிப் பாருங்கள். பதில் ஒரே வரியில் வந்துவிடும்.