கம்பூட்ஸும் தலை டார்ச்சும்: ஒரு வருடம் போட்டுப் பார்த்த பிறகு

போன ஆடியில் ஈரோட்டில், சொட்டுநீர் சாமான் விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். முழங்கால் வரை வரும் கறுப்பு பிவிசி கம்பூட்ஸ் 480 ரூபாய். தலையில் மாட்டும் சார்ஜ் டார்ச் 350 ரூபாய். ஒரு மஞ்சள் வெள்ளாமை முழுக்கப் போட்டு நடந்துவிட்டேன். வாங்கலாமா என்று கேட்கிற தோட்டத்துப் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கொடுமுடிக்குக் கொஞ்சம் முன்னால், காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். ஒன்றரை மஞ்சள், மீதி வாழை. பாதி நாள் ராத்திரியில்தான் தண்ணி கட்ட வேண்டியிருக்கும். பவானியிலிருந்து வளைந்து வளைந்து வருகிற இந்த வாய்க்காலுக்கே பாம்பு முன்னால் போய் வழி காட்டியது என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் பிள்ளைகளை வளர்ப்போம். தோட்டத்து மூலையில் வேம்படியில் புத்து இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அத்தை அதற்குப் பால் ஊற்றாமல் காபி குடிக்க மாட்டார். பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பு என்று பெயரைக்கூட வாயில் எடுக்கக் கூடாது, 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும்.

2016 ஐப்பசியில் மாமாவைக் கடித்தது. மடை மாற்றப் போனவர் வெறுங்காலோடு வாழைச் சருகில் கால் வைத்துவிட்டார். கண்ணாடி விரியன். பக்கத்து ஊரில் மந்திரம் சொல்லி விஷத்துக்குப் பாடம் போடுபவரிடம் கூட்டிப்போனதில் 2 மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பல் ஈறில் ரத்தம் கசிந்தது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தார்கள். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றியும் சிறுநீரகம் அடிபட்டு, 6 முறை டயாலிசிஸ் செய்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் வேண்டிக்கொண்டபடி அத்தை நாகர் கல் வைத்தார். சாமிதான் காப்பாற்றியது என்று நானும் நம்புகிறேன். ஆனாலும் அந்த 2 மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

சரி, பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி வரப்பில் நடக்கிறவர்களுக்குக் கடி பெரும்பாலும் பாதத்திலும் கெண்டைக்காலிலும்தான் விழுகிறது. அந்த இடம் முழுக்க மூடியிருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். வாழைக்குள்ளும் வரப்பிலும் நல்ல வசதி. நஞ்சையில் சேறு அதிகமாக இருந்தால் மட்டும் படுத்துகிறது. கால் வெளியே வந்துவிடும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். பாசி பிடித்த சிமெண்ட் மடையில் இரண்டு முறை வழுக்கினேன். வியர்வை நாற்றம் பிடிக்கிறது, பருத்திச் சாக்ஸ் இல்லாமல் போடாதீர்கள். கழற்றியதும் வாசல் பக்கம் இரண்டு குச்சி நட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். போடும் முன் கட்டாயம் தட்ட வேண்டும். மார்கழியில் ஒருநாள் தட்டினபோது உள்ளேயிருந்து தேள் விழுந்தது.

டார்ச்தான் எனக்கு அதைவிடப் பிடித்தது. இரண்டு கையும் மண்வெட்டிக்கு மிச்சம். சார்ஜ் 3 மணி நேரம் தாங்குகிறது. மழையில் பட்டன் மக்கர் பண்ணும். வெளிச்சம் கொஞ்சம் வெள்ளையாக இருப்பதால் சருகும் கண்ணாடி விரியனின் வட்டப் புள்ளியும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். அதனால் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டேதான் நடக்கிறேன். அதிர்வு தெரிந்தால் பல பாம்புகள் ஒதுங்கிப் போய்விடும், ஆனால் கண்ணாடி விரியன் அசையாமலே கிடக்கலாம்.

அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பூச்சி நம்மள ஒண்ணும் பண்ணாது அம்மிணி. புத்து இருக்கிற காட்டுல பூட்ஸு போட்டு மிதிக்கலாமா?" என்றார். "புத்துல இருக்கிறது சாமிங்க அத்தை. சருகுக்குள்ள கிடக்கிறதுக்கு நாம யாருன்னு தெரியாதுங்களே" என்றேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் இருவருமாகச் சேர்ந்து ஒரு வழி செய்தோம். புத்தைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி, ஓரமாக ஒரு பலகைக்கல் போட்டோம். கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான மண்ணில் வெறுங்காலோடு போய்க் கும்பிடலாம். அதுவும் பகலில் மட்டும். ஆயுத பூஜை அன்று அருவாள், மண்வெட்டியோடு டார்ச்சுக்கும் பொட்டு வைத்தார். செருப்பு இனம் என்பதால் பூட்ஸை உள்ளே எடுக்கவில்லை, வாசலிலேயே வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுவிரியனுக்கு இந்தப் பூட்ஸ் போதாது. ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி வரும், கண் இமை தானாக மூடும். அதனால் கட்டிலும், மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் வேண்டும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எது கடித்தது என்று தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. திருநீறு பூசுங்கள், வண்டியில் போகும்போதே பூசுங்கள்.

பெரிய குறை அளவுதான். கடையில் 6-ஆம் நம்பருக்குக் கீழே இல்லை. எனக்கு இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்க முடிகிறது, அத்தைக்கு 4-ஆம் நம்பர் கால். இப்போது அவரே கேட்கிறார். ஈரோடு, கரூர் பக்கம் பெண்கள் அளவில் முழங்கால் பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மஞ்சள் நடவுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும்.