கிரிப் அறிக்கை: மலையகத்தில் கடன் கேட்கப் போகுமுன் கையில் இருக்க வேண்டிய தாள்

"கிரிப்பில் பேர் இருக்கு, லோன் தர ஏலாது." ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த ஊர் வங்கிக்குப் போனாலும் இந்த ஒரு வரியோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. சொன்ன அதிகாரி அதற்கு மேல் விளக்குவதில்லை. கேட்டவரும் ஏதோ பொலிஸ் பதிவில் பெயர் ஏறிவிட்டதுபோலத் தலைகுனிந்து வெளியே வருகிறார். இது மாற வேண்டும். அதற்கு முதல் வேலை, அந்த அறிக்கையை நாமே கேட்டு வாங்கிப் படிப்பது.

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தெற்காசியாவில் இந்த வகையில் முதலாவது. வங்கிகளும் ஃபினான்ஸ், லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் கணக்கை மாதாமாதம் இங்கே அனுப்புகின்றன. ஒழுங்காகக் கட்டிய கடனும் போகிறது, பிந்திய கடனும் போகிறது. அதனால் கிரிப்பில் பெயர் இருப்பது ஒரு குறையே அல்ல. வங்கியில் ஒருமுறை கடன் எடுத்த எவருடைய பெயரும் அங்கே இருக்கும். 'பிளக் லிஸ்ட்' என்று தனிப் பட்டியல் எதுவும் அங்கு இல்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பணியகம் சொல்வதும் இல்லை. அந்த முடிவு முழுக்க வங்கியுடையது. ஆகவே "கிரிப் தடுக்குது" என்று கிளையில் சொன்னால், "எந்தக் கடன், எந்தக் கம்பனி, எத்தனை நாள் நிலுவை?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்.

சொந்த அறிக்கையை வாங்க வழி இருக்கிறது. பணியகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து பெறலாம். வணிக வங்கிக் கிளை ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். கொழும்புக் கோட்டையில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். தேசிய அடையாள அட்டை அவசியம், ஒரு கட்டணமும் உண்டு. மஸ்கெலியாவிலிருந்தோ பதுளையிலிருந்தோ இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறுவது வீண் செலவு. ஸ்மார்ட் போனும் சொந்த மின்னஞ்சலும் உள்ளவர்களுக்கு இணைய வழியே நல்லது. மற்றவர்கள், தங்களுக்குக் கணக்குள்ள கிளையில் முதலில் விசாரித்துவிட்டுப் போகலாம். எல்லாக் கவுன்டரிலும் இதைப் பற்றித் தெரிந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. மின்னஞ்சல் இல்லை என்பதற்காகக் கடைக்காரர் ஒருவருடைய முகவரியைக் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் கடன் விபரம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

இந்தச் சேவையின் பெரிய குறை, அறிக்கை ஆங்கிலத்தில் வருவது. கட்டங்களும் சுருக்க எழுத்துகளுமாக இருக்கும் அந்தத் தாளைத் தமிழ் மட்டும் படித்தவர் தனியாகப் புரிந்துகொள்வது கடினம். பொதுப்பணியகம் ஒன்று இதைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது நியாயமல்ல. ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளை ஒன்றின் உதவியோடு அரை மணித்தியாலத்தில் வாசித்துவிடலாம்.

முதலில் கடன் தொகையைப் பார்க்காதீர்கள், அடையாளப் பகுதியைப் பாருங்கள். கணக்குகளை ஒருவரோடு பொருத்துவதற்கு அடையாள அட்டை இலக்கமே ஆதாரம். பலரிடம் இப்போது இரண்டு இலக்கங்கள் உள்ளன: பழைய ஒன்பது இலக்கமும் 'வி' எழுத்தும் கொண்டது ஒன்று, 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்கம் மற்றொன்று. பழையதை இப்படிப் புதியதாக்கிப் பார்க்கலாம். முன்னால் 19 சேர்க்கவும். முதல் ஐந்து இலக்கங்களை அப்படியே எழுதவும். அதன்பின் ஒரு பூச்சியம் போடவும். மிஞ்சிய நான்கு இலக்கங்களை எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிடவும். வரும் எண்ணும் புதிய அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் வரும் மூன்று இலக்கம், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்ற எண். பெண்களுக்கு அது 500க்கு மேல் இருப்பது பிழையல்ல. அந்த நாள் எண்ணோடு 500 கூட்டுவதுதான் முறை. லீசிங் எடுத்தபோது ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்திருந்தால், முன்பின் தெரியாத ஒருவருடைய கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்காரும், அல்லது நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன் உங்களுக்குப் பேர் சேர்க்காமலே போகும்.

பெயர் விடயத்தில் தோட்டப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தோட்டச் செக்ரோலிலும் (வேலைப் பதிவேடு) ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவிலும் வேறொன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக ஒரு இடத்தில், முழுப்பெயராக மற்றொரு இடத்தில். இலக்கம் சரியாக இருந்தால் பெயரின் எழுத்து வித்தியாசம் பெரும்பாலும் கடனைத் தடுக்காது; ஆனாலும் கிளையில் கேள்வி வரும். கடன் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். முகவரியையும் பாருங்கள். லயன் வீட்டுக்கு இலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். நிலுவை அறிவித்தல் கைக்கே வராமல் மாதங்கள் ஓடிப்போவது இப்படித்தான். தோட்டம், டிவிஷன் பெயரோடு தொலைபேசி எண்ணும் கம்பனிப் பதிவில் சரியாக இருக்கட்டும்.

அடுத்து கடன் வரிசைகள். ஒவ்வொரு கடனுக்கும் எடுத்த தொகை, மீதி, நிலுவைத் தொகை, எத்தனை நாள் பிந்தியது என்ற விபரம் வரும். நாட்கள் 30, 60, 90 என்ற படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. வங்கிகளுக்கு 90 நாள் ஒரு கோடு. அதைத் தாண்டினால் கடன் 'செயற்படாக் கடன்', அதாவது ஒழுங்காகத் திரும்பி வராத கடன் என்று ஆகிறது, கிளை முகாமையாளரின் கை அதோடு கட்டப்பட்டுவிடுகிறது. ஐந்தாறு நாள் தாமதமும் பதிவாகும், ஆனால் எப்போதாவது வருகிற சிறு தாமதத்துக்கும் 90 தாண்டியதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. மாதாமாதக் கட்டண வரலாற்றில் எந்த மாதத்திலிருந்து எண் ஏறத் தொடங்கியது என்று பென்சிலால் வட்டம் போட்டு, அந்த மாதப் பற்றுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 2020இல் கொரோனா காலத்தில் கிடைத்த தவணைச் சலுகை இங்கே பலரைக் குழப்புகிறது. தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளுபடியாகவில்லை. அந்த வட்டி முதலோடு சேர்ந்து, "கட்டி முடித்துவிட்டேன்" என்று நினைத்த கடனில் மீதி நிற்கும்.

பிணைக்கு வைத்த கையெழுத்தும் அறிக்கையில் தனியாக வரும். மச்சானுடைய லீசிங்குக்கு, பக்கத்து வீட்டுக்காரருடைய கடனுக்கு நின்ற பிணை எல்லாம் உங்கள் சுமையாகவே கணக்கில் எடுக்கப்படும். அவர் கட்டாமல் விட்டால் அந்த நிலுவையும் உங்கள் தாளில் தெரியும். வாரக் கடன் சென்டர்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். கையெழுத்து வைக்கும் முன், கடன் கொடுக்கும் நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் உள்ளதா என்று கேட்பது அவசியம். சீட்டு, கடைப் பாக்கி, வட்டிக்காரரிடம் வாங்கிய கைமாற்று எதுவும் இந்த அறிக்கையில் இராது. அதனால் அவற்றை ஒழுங்காகக் கட்டினாலும் இங்கே நற்பெயர் சேராது. வங்கிக் கடனும் கைமாற்றும் இருக்கும் வீட்டில், வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டிவிட்டு வங்கித் தவணையைப் பின்னுக்குத் தள்ளுவதே வழக்கம். அவமானத்துக்குப் பயந்து செய்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்கும்போது பேசப்போவது வங்கித் தவணைதான்.

பிழை கண்டால் என்ன செய்வது? பணியகம் தானாக எதையும் அழிக்காது, மாற்றாது. தகவலை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். பணியகத்திடமும் முறைப்பாடு கொடுக்கலாம். அது அந்த நிறுவனத்திடம் கேட்கும். ஆனால் நேரே நிறுவனத்துக்கு எழுதுவதையும் சேர்த்தே செய்யுங்கள். கடிதத்தில் அடையாள அட்டை இலக்கம், கடன் கணக்கு இலக்கம், கிளை, அறிக்கையின் திகதி, பிழையான வரி எது, சரியானது எது என்று எழுதி, பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்து, "திருத்திய விபரத்தைக் கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அனுப்பி எனக்கு எழுத்தில் அறியத் தரவும்" என்று முடிக்க வேண்டும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கிளையின் சீலும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு மறுநாளே காற்றில் போய்விடும். பற்றுச்சீட்டுகள் வெப்பத் தாளில் வருவதால் ஓராண்டில் எழுத்து மங்கும். கட்டிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

நிலுவை உண்மையானதாக இருந்தால் அழிக்க வழியில்லை, சரிசெய்யவே வழி உண்டு. கையில் கொஞ்சப் பணம் இருக்கிறது, இரண்டு கடன் பிந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இரண்டுக்கும் பாதி பாதி கட்டி, இரண்டையும் நிலுவையிலேயே விட்டுவிடுகிறார்கள். 90ஐ நெருங்கும் கடனை முதலில் நிலுவை எதுவும் இல்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வெகுகாலம் பிந்திய கடனுக்குக் கிளையில் மறுசீரமைப்பு, அதாவது தவணையை மாற்றி எழுதித் தரக் கேளுங்கள். மறுசீரமைத்தது பதிவில் தெரியும், ஆனாலும் நிலுவை வளர்ந்துகொண்டே போவதைவிட அது எவ்வளவோ மேல். கழிவோடு ஒரே தடவையில் தீர்ப்பதானால், பணம் கட்டும் முன்பே தொகையையும் "இனிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை" என்ற வாசகத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த வாசகம் இல்லாமல் கட்டினால், தள்ளுபடி செய்ததாகச் சொன்ன வட்டி பின்னாளில் சிறு மீதியாக எழுந்து நிற்கும். தீர்த்த பின் ஒன்றிரண்டு மாதம் பொறுத்துப் புதிய அறிக்கை எடுத்துப் பாருங்கள். விபரம் மாதாந்தம் போவதால் மறுநாளே மாறாது. தீர்த்த கடனின் பழைய வரலாறும் உடனே மறையாது.

தவணைத் திகதி பற்றி யாரும் பேசுவதில்லை, தோட்டத்தில் பாதித் தாமதம் அங்கிருந்துதான் வருகிறது. சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி. லீசிங் தவணை 1ஆம் அல்லது 5ஆம் திகதி. ஒவ்வொரு மாதமும் ஐந்து முதல் பத்து நாள் பிந்துகிறது, ஒவ்வொரு மாதமும் பதிவாகிறது, தாமதக் கட்டணமும் ஏறுகிறது. ஒப்பந்தம் எழுதும்போதே தவணையை 12க்கும் 15க்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடும் கடனுக்கும் மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். கொழுந்து குறையும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள்: ஹட்டன், டிக்கோயா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வேலை நாள் குறைந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு தவணை தாங்குமோ அவ்வளவே எடுக்க வேண்டும்.

ஆட்டோ லீசிங்கில் ஒரு பொறி இருக்கிறது. கட்ட முடியாமல் வண்டியைக் கம்பனி தூக்கிக்கொண்டு போனால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். வண்டி விற்ற பணம் மீதிக்குப் போதாவிட்டால், குறைவு உங்கள் பெயரில் நிலுவையாகவே நிற்கும். என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு வரவு வைத்தது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள் வண்டிப் புத்தகத்தில் கம்பனியின் பெயரையும் நீக்கிக்கொள்ள வேண்டும்.

"கிரிப் கிளியர் பண்ணித் தாறோம்" என்று முகநூலில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் தவிர வேறு யாராலும் அந்த வரியை மாற்ற முடியாது. அடையாள அட்டைப் பிரதியையும் ஓ.டி.பி. எண்ணையும் வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரிலேயே புதுக் கடன் எடுக்கும் ஆபத்தும் இருக்கிறது. அதே வேகத்தில் ஐந்து கம்பனிகளுக்கு விண்ணப்பம் போடுவதையும் நிறுத்துங்கள். யார் யார் உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்பதும் பதிவாகிறது. ஒரே மாதத்தில் பல விசாரணை இருந்தால் ஆறாவது வங்கி பயப்படும்.

மொத்தத்தில் இந்த அறிக்கை கொடுத்த காசுக்கு நிச்சயம் பெறுமதியானது. மொழியில் இது தோற்கிறது, பிழை திருத்துவதில் நிறுவனங்களின் தயவை நம்பியிருக்கிறது. நிறுவனம் எழுத்தில் பதில் தராவிட்டால், சீல் வைத்த கடிதப் பிரதியோடு இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி எண் 1935. அதைத் தவிர, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிச்சேவை ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நிறுவனத்துக்கு எப்போது எழுதினீர்கள், பிரதி இருக்கிறதா?"