செயலிவாரியாக அல்ல, வேலைவாரியாக: டெஸ்க்டாப்பில் டேப்கள்

வெவ்வேறு செயலிகளின் சாளரங்களை, பிரவுசரில் இருப்பதுபோல, ஒரே சட்டகத்துக்குள் டேப்களாகக் கோக்கும் ‘குரூப்பி’ (Groupy) என்ற மென்பொருளை விண்டோஸில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஒரு சாளரத்தின் தலைப்புப் பட்டையை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் சேர்ந்துவிடும்.

விண்டோஸே தந்திருக்க வேண்டிய வசதி இது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் ‘செட்ஸ்’ என்ற பெயரில் அறிவித்து, சோதனைப் பதிப்புகளிலும் காட்டிவிட்டுக் கைவிட்டது. ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு 2022-இல்தான் டேப் வந்தது. நோட்பேடுக்கு அதற்கும் பிறகு. மேக்கில் 2016 முதல் பல செயலிகளுக்கு டேப் உண்டு. ஆனால் இவையெல்லாம் ஒரே செயலிக்குள் அடங்குபவை. ஹைக்கு (Haiku) என்ற திறமூல இயங்குதளம் செயலி வேறுபாடு பார்க்காமல் சாளரங்களை அடுக்க விடுகிறது. அதை அன்றாட வேலைக்கு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

வேர்ட் கோப்புகளை எல்லாம் ஒரு குழுவாகச் சேர்ப்பதில் பயனில்லை. அதை டாஸ்க்பாரே செய்கிறது. ஓர் அறிக்கைக்கு வேண்டிய வரைவு, எக்செல் தாள், பிடிஎஃப், கோப்புறை ஆகியவற்றை ஒரு குழுவாக்கினால்தான் இதன் அருமை புரியும். நடுவில் வேறு வேலை குறுக்கிட்டால், மொத்தக் குழுவையும் ஒரே சொடுக்கில் கீழே இறக்கிவிடலாம்.

இன்னொன்று, இடம். ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் சாளர வரிசை கடைசியாகத் தொட்டதை முன்னே கொண்டுவரும். ஆகவே அது மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் கண் தேட வேண்டும். டேப் வைத்த இடத்தில் இருக்கிறது. எக்செல் இரண்டாவது என்றால் நாள் முழுவதும் இரண்டாவதுதான். சில நாட்களில் கை தானாகவே அங்கே போகிறது.

தொல்லைகளும் உண்டு. சொந்தமாகத் தலைப்புப் பட்டை வரைந்துகொள்ளும் செயலிகளின் மேல் டேப் வரிசை ஒட்டாமல் நிற்கிறது. பிரவுசரைச் சேர்த்தால் டேப்புக்குள் டேப். அதை வெளியிலேயே விட்டுவிட்டேன். டேப்கள் கூடக் கூடக் கோப்புப் பெயர்களின் வால் வெட்டுப்படுவதால், வேறுபடுத்தும் சொல்லைப் பெயரின் முதலில் வைக்கிறேன். சாளரத்தை நகர்த்தும்போது தற்செயலாக ஒட்டிக்கொள்ளாதிருக்க, ஷிஃப்ட் விசையை அழுத்தினால் மட்டுமே இணையும்படி அமைத்திருக்கிறேன். நிறுவியதும் இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இரண்டு ஆவணங்களை ஒப்பிட மட்டும் டேப் உதவாது. ஒன்றைக் காட்டினால் மற்றது மறைந்துவிடும். அப்போது ஒன்றை வெளியே இழுத்து, விண்டோஸ் விசையோடு அம்பு விசையை அழுத்திப் பக்கத்தில் நிறுத்துகிறேன். இரண்டு திரை உள்ளவர்களுக்கு இந்த மென்பொருள் அவ்வளவாகத் தேவைப்படாது. மடிக்கணினியின் ஒற்றைத் திரையோடு காலம் தள்ளுபவர்கள் இதன் சோதனைப் பதிப்பை ஒரு முறை நிறுவிப் பார்க்கலாம்.